தேர் சாமி ஊருக்குப் போகிறவனுக்கு

மகனே, அம்மா கட்டிக்கொடுக்கும் புளிச்சோறு தீர்ந்த பிறகுதான் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும். அப்படித்தான் வைக்கப்போகிறேன்: பெட்டியில் சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில், கம்பளிச் சட்டையின் மடிப்புக்குள். புளிச்சோற்றை ஒதுக்கிவிட்டுப் பம்பாய் ஓட்டலில் தின்று திரிகிறவனுக்குக் கடிதமும் கிடையாது. நீ இப்போது ஆவூரில் சொந்தக்காரர்களிடம் பயணம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாய். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாய். நாளைக் காலை திருச்சி பஸ், அங்கிருந்து ரயிலில் பம்பாய், பிறகு கப்பல். இதையெல்லாம் நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். சொல்லலாம்தான். ஆனால் பாதியில் எனக்கு அழுகை வரும், உனக்குச் சிரிப்பு வரும். இரண்டையும் பார்த்துக்கொண்டு அம்மா வேறு நிற்பாள். அதனால் எழுதுகிறேன். காலமெல்லாம் கரண்டி பிடித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வாரமாக அவள் உன்னோடு பேசவில்லை. உன் எதிரிலேயே என்னைப் பார்த்து, "அவனச் சாப்பிடச் சொல்லுங்க" என்கிறாள். நீயும் ரோஷக்காரன், "எனக்குப் போதும்னு சொல்லிருங்கப்பா" என்கிறாய். நடுவில் நான் ஒரு தந்தி ஆபீஸ் நடத்திக்கொண்டிருக்கிறேன். அவள் கோபம் என்னவென்று உனக்குத் தெரியும். "கத்தி செய்யிற ஊருக்கு எவளாச்சும் புள்ளைய அனுப்புவாளா? அறுக்குறதுதானே அங்க தொழிலு. நம்மளயும் அறுத்துட்டு அங்கிட்டே இருந்துருவான்." இதுதான் அவள் கட்சி. மூன்று வருஷ வேலைதானே என்று நான் சொன்னால், மூன்று வருஷத்துக்கு என்று போனவன் எவன் மூன்று வருஷத்தில் திரும்பினான் என்று கேட்கிறாள். பர்மா போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறாள். நாளைக்கு நீ பஸ் ஏறுவதற்குள் அவள் வாயைத் திறந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு இப்போது இருக்கும் ஒரே வேண்டுதல் அதுதான்.

நீ போகிற தியேர் என்ற ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும். புதுக்கோட்டையில் எனக்கு வழி தவறும், தியேரில் தவறாது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அந்த வருஷம்தான் அந்த வெள்ளைக்காரப் பாதிரிச் சாமி நம் ஊர்க் கோயிலுக்கு வந்தார். முந்தைய சாமியாருக்குச் சமைத்துக்கொண்டிருந்த நான் அவருக்கும் குசினிக்காரனாக ஒட்டிக்கொண்டேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "பிரியமானவர்களே, நான் தியேரிலிருந்து உங்களிடம் வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். அவர் தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ். இலக்கணம் சுத்தமாக இருக்கும், உச்சரிப்பு மட்டும் வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தியேர் என்பது பிரான்சு தேசத்தில் அவர் பிறந்த சின்ன ஊர். நமக்கு அது எங்கே தெரியும்? நமக்குத் தெரிந்ததெல்லாம் ஆவூர்க் கோயில் திருவிழாத் தேர். 'நான் தேரிலிருந்து வந்திருக்கிறேன்' என்றுதான் கோயில் முழுக்கக் கேட்டது. காலை வேறு இழுத்து நடக்கிறார். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருவதற்குள் விஷயம் முடிவாகிவிட்டது. சாமி எங்கேயோ தேரிலிருந்து தவறி விழுந்து, கால் ஒடிந்து, பிழைத்து, நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

நம் பக்கத்து வீட்டு எருமைக்காரர் சவரிமுத்துவுக்கு எதையும் தீர விசாரித்தால்தான் தூக்கம் வரும். அன்றைக்கே சாமியை மறித்து, "தோத்திரம் சாமி. ரொம்ப ஒசரமோ?" என்று கேட்டார். சாமி முகம் மலர்ந்துவிட்டது. வந்த இடத்தில் தன் ஊரைப் பற்றி விசாரிக்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறாரே. "ஆம், மிகவும் உயரம். ஆனால் பிறந்தது முதல் பழகிவிட்டோம். கீழே ஒரு நதி ஓடுகிறது" என்றார். சவரிமுத்து, "ஆத்துலயா சாமி இழுக்குறாக?" என்றார். "ஆம், தண்ணீர்தான் எல்லாவற்றையும் இழுக்கிறது. கரை நெடுகச் சக்கரங்கள், எண்ண முடியாது" என்றார் சாமி. சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு சாமிக்குத் தேர் சாமி என்ற பேர் நிலைத்துவிட்டது.

அந்த வருஷம் ஆவூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, தேர் அசைந்ததும் நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர் ஓடிப்போய்ச் சாமியின் கைகளை இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தடவை விழுந்தவர், பார்த்ததும் பயந்துவிடுவாரே என்ற கரிசனம். சாமிக்கு அது மரியாதையாகப் பட்டது. தேர் நிலைக்கு வரும்வரை இரண்டு பக்கமும் புன்னகை செய்துகொண்டே நின்றார். தமிழ் ஜனங்கள் தங்கள் குருவைத் தேருக்கு முன்னால் தனியாக விடுவதேயில்லை என்று அவருடைய தம்பிக்கு எழுதினாராம்.

உண்மை எனக்குக் குசினியில்தான் தெரிந்தது. ஒருநாள் அரிவாள்மனையில் நான் சேனைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தேன். சாமி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பாதிக் கிழங்கை எடுத்துக் கவிழ்த்து வைத்து, "இதுதான் தியேர்" என்றார். கிழங்கின் சரிவில் நகத்தால் கீறி இது கோயில், இது எங்கள் வீடு, இது சந்து என்று காட்டினார். அடியில் ஒரு கோடு இழுத்து, இது துரோல் என்ற ஆறு என்றார். அப்போதுதான் எனக்கு ஊர், தேர் இரண்டும் தனித்தனி என்று விளங்கிற்று. நான் தயங்கித் தயங்கி ஊரார் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிறுவயதில் பனி உறைந்த சரிவில் வழுக்கி விழுந்தேன். விழுந்தது தியேரில்தான். ஆகையால் அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. நீர் திருத்த வேண்டாம்" என்றார். கடைசிவரை அவரும் திருத்தவில்லை. அங்கே உன் பேச்சையும் ஆயிரம் விதமாகப் பிசகாகக் கேட்பார்கள், மகனே. உனக்கு ரோஷம் மூக்குநுனியில் இருக்கிறது. உடனே முறைத்துக்கொண்டு நிற்காதே. நம் ஆட்கள் தப்பாகக் கேட்டுக்கொண்டுதான் அவர் கையைப் பிடித்தார்கள், ஆனால் பிடித்தது அன்பினால்தானே.

தியேர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நம் ஊருக்குத் தபால் ஆவூர் வழியாகத்தான் வரும்; விலாசத்தில் இருந்த அந்தப் பேரைச் சாமியின் தம்பி 'அவ்வார்' என்று படித்திருக்கிறார். அவர்கள் பாஷையில் அதற்குச் சொத்து பத்து உடையது என்று அர்த்தமாம். அண்ணன் நல்ல வளமான இடத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். சாமி அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்ன நாளில் நம் கண்மாயில் ஆட்டுக்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. கிணற்றில் வாளி தரை தட்டியது.

அந்தக் கிழங்கு சாம்பார் ஆனது, ஆனால் கதை நிற்கவில்லை. எத்தனையோ மத்தியானம் அவர் சொல்ல, நான் கேட்டிருக்கிறேன். தியேரில் இரும்பு கிடையாது. இரும்பும் வெளியிலிருந்து வர வேண்டும், சாணைக்கல்லும் வெளியிலிருந்து வர வேண்டும். அவர்களுக்கென்று இருந்தது மலையிலிருந்து கொட்டுகிற அந்த ஒரு சின்ன ஆறுதான். அதன் வேகத்தை வைத்துச் சக்கரம் சுற்றவைத்து, பல நூறு வருஷமாகக் கத்தி செய்து உலகத்துக்கு விற்றிருக்கிறார்கள். ஒருவர் காய்ச்சி அடிப்பார், ஒருவர் தீட்டுவார், ஒருவர் பிடி போடுவார். ஒரு கத்தி பல வீடு ஏறி இறங்கித்தான் கத்தியாகும். சாமியின் அப்பா சாணை பிடிக்கிறவர். அந்த வேலைக்காரர்கள் ஆற்றுக்கு மேல் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே சுற்றுகிற கல்லில் கத்தியை அழுத்துவார்களாம். கல்லிலிருந்து தெறிக்கிற சேற்றில் வயிறெல்லாம் மஞ்சளாகிவிடும். மஞ்ச வயித்துக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பட்டப்பேர். குளிரில் கால் விறைக்காமலிருக்க, ஆளுக்கொரு நாயைப் பழக்கிக் காலின்மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள். ஆறு பாய்ந்து விழுகிற இடத்துக்கு நரகக் குழி என்று பேர். தான் பிறந்தது அந்தக் குழிக்குப் பக்கத்துத் தெருவில் என்று சாமி பிரசங்கத்தில் சொன்ன அன்று, முன்வரிசைப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் வந்து சொல்வேன். உன் அம்மா உலையைக் கவனித்துக்கொண்டே கேட்பாள். மஞ்சள் வயிறு அவளுக்குப் பிடித்திருந்தது. நாயைப் போர்த்திக்கொள்வதுதான் ஒப்பவில்லை. "தண்ணி ஓடுறத நம்பி ஒரு ஊரா? நமக்கு ஓடலயே, நாம என்ன செய்யிறது?" என்றாள். நான் அதைச் சாமியிடம் கொண்டுபோனேன். அவர், "எங்களுக்கு இரும்பு இல்லை, உங்களுக்குத் தண்ணீர் இல்லை. இல்லாததைப் பேசினால் இரண்டு ஊரும் ஒன்றுதான்" என்றார். நீ அங்கே போய், எங்கள் ஊரில் அது இல்லை இது இல்லை என்று மூக்கால் அழக் கூடாது. இங்கே இருப்பதைச் சொல். ஒன்றும் தோன்றாவிட்டால் உன் அம்மா வைக்கிற ரசத்தைச் சொல்.

இனி கத்திக்கு வருகிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சாமியின் தம்பி ஒரு பார்சல் அனுப்பினார். அவர்களுடைய பட்டறையில் செய்த மடக்குக் கத்திகள். ஒன்றை எடுத்துக்கொண்டு சாமி குசினிக்கு வந்து என்னிடம் நீட்டினார். எனக்குக் கை நீளவில்லை. கத்தியைக் கையிலிருந்து கைக்கு வாங்கினால் சண்டை வரும் என்பது நம் வீட்டு வழக்கம். "கீழ வைங்க சாமி, நான் எடுத்துக்கிறேன்" என்றேன். அவரோ விடாமல் பிடித்துக்கொண்டு, "முதலில் ஒரு காசு தாரும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் சமைத்துப் போட்டதற்கு ஒரு கத்தி, அதற்கும் விலையா? அவருக்கோ நான் கை நீட்டாததில் மனத்தாங்கல். கத்தி நடுவில் நிற்கிறது, நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். அந்த நேரம் பார்த்து உன் அம்மா கீரைக் கட்டோடு உள்ளே வந்தாள். அப்போது நீ அவள் இடுப்பில். என்ன ஏது என்று அவள்தான் கேட்டாள். தியேரில் யாராவது கத்தி பரிசு கொடுத்தால், வாங்குகிறவர் ஒரு காசாவது கொடுத்துவிட வேண்டுமாம். விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும், உறவு அறுபடாது என்று சாமி விளக்கினார். அவள் சுருக்குப் பையைத் துழாவி ஓர் அம்மன் காசை எடுத்தாள். சமஸ்தானம் போனதோடு செல்லாமல் போன குட்டிச் செப்புக்காசு. அதைத் தரையில் வைத்து, "கத்தியையும் இதுக்குப் பக்கத்துல வைங்க சாமி. ஒங்க ஊரு வழக்கமும் ஆச்சு, எங்க ஊரு வழக்கமும் ஆச்சு. ரெண்டு பேரும் எடுத்துக்கங்க" என்றாள். எடுத்துக்கொண்டோம்.

சாமி காசைத் திருப்பிப் பார்த்தார். அதில் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பயம், பூசை வைக்கிற குருவின் கையில் போய் இதைக் கொடுத்துவிட்டாளே என்று. அவர் அசரவில்லை. "எங்கள் தேசத்துக் காசிலும் ஒரு பெண் விதை தூவிக்கொண்டு நிற்கிறாள். இருவரும் சிநேகமாக இருப்பார்கள்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கத்தியின் கறுப்புப் பிடியைத் தட்டிக் காட்டி, "இது எருமைக் கொம்பு. கீழ்த்திசையிலிருந்து கப்பலில் வரும். உங்கள் ஊர்க் கொம்பாகவும் இருக்கலாம்" என்றார். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். சாயங்காலம் சவரிமுத்து கத்தியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, "சந்தேகமே வேணாம். இது எங்க வீட்டு எருமைதான்" என்று சாதித்துவிட்டார்.

அந்தக் கத்தியில்தான் உனக்கு முதல் மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். சாமி வயதாகி ஊருக்குத் திரும்பிய நாளிலும் அது என் இடுப்பில் இருந்தது. ஊரே கூடி அழுதபோது அவர் என் தோளைப் பிடித்து, "விலை கொடுத்து வாங்கிய உறவு, அறுபடாது" என்றார். அப்படியேதான் ஆயிற்று. நீ திருச்சியில் பிட்டர் வேலை படித்து முடித்ததை நான் சாமிக்கு எழுதப்போக, தன் தம்பி மகன் பட்டறையில் மிஷின் பார்க்க ஆள் வேண்டும், அனுப்பும் என்று பதில் போட்டார். இப்போது யாரும் குப்புறப் படுப்பதில்லையாம், எல்லாம் கரண்ட். நாயும் சும்மா திரிகிறதாம். ஸ்டேஷனுக்கு அவரே வருவார். காலை இழுத்து நடக்கிற கிழவரைக் கண்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள். நம் ஊர் வழக்கம் என்று அவருக்குப் புரியும். அம்மன் காசு அந்தப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறதாம், பார்த்து எழுது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கத்தியை அம்மாவுக்குத் தெரியாமல் உன் காலுறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். பிறந்த வீட்டை அதுவும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும். அவளுக்குத் தெரிந்தால் பிரிகிற நேரத்தில் கத்தியா என்று வீடு இரண்டாகிவிடும். நீ அங்கிருந்து ஒரு காசை உறையில் வைத்து அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று

இந்த இடத்தில் எழுந்து போக வேண்டியதாயிற்று. பெட்டி இருக்கிற அறையிலிருந்து "ஏங்க, இங்கிட்டு வாங்க" என்று குரல் வந்தது. போனால், உன் அம்மா காலுறையும் கையுமாக நிற்கிறாள். கத்தி தரையில் கிடக்கிறது. 

"இத யாரு வச்சா?" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். "மடக்கு தொளதொளன்னு இருக்குற கத்திய காலுறைக்குள்ள வச்சா, புள்ள அவசரத்துல கைய விட்டா அறுக்காது? இத்தன வருசம் குசினியில என்னத்தத்தான் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, உட்கார்ந்து அதைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "இந்தக் கொம்பு நம்ம சவரிமுத்து அண்ணன் எருமைதானே?" என்றாள்.

"அப்படித்தான் சொன்னாரு."

"இங்கேருந்து கப்பலேறி, அம்புட்டுத் தொலவு போயி, அவுக பட்டறையில கெடந்து, பெறகு நம்ம வீட்டுக்கே வந்து சேந்துச்சுல்ல?"

"சேந்துச்சு."

"கொம்புக்கே வழி தெரிஞ்சிருக்கு. எம்புள்ளைக்குத் தெரியாதா?"

சவரிமுத்துவின் எருமை செத்துப்போன அன்று அதன் தலையில் இரண்டு கொம்பும் இருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அதைச் சொல்கிற நேரமா அது? "தெரியும், தெரியும், வந்துருவான்" என்றேன். அவள் எழுந்து, நாளைக்கு என்று கொடியில் போட்டிருந்த உன் சட்டையின் பையில் கைவிட்டு ஒரு பத்துப் பைசாவை எடுத்தாள். அதைத் தரையில் வைத்து, கத்தி முடிச்சையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு கத்தியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள், காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "கத்திக்கு வெல வாங்கியாச்சுன்னு அவன்கிட்டச் சொல்லிருங்க" என்றாள். தந்தி ஆபீஸ் மூடிவிட்டது, நீயே சொல்லிக்கொள் என்றேன். முந்தானை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "வெடியட்டும், சொல்றேன்" என்றாள்.

தெருமுனையில் உன் குரல் கேட்கிறது, சவரிமுத்து உன்னைப் பிடித்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. முடித்துவிடுகிறேன். காலையில் அவள் சொன்னாளா என்பது இதைப் படிக்கிற உனக்குத் தெரியும், எழுதுகிற எனக்குத் தெரியாது. சொல்வாள் என்றுதான் நினைக்கிறேன். வழியில் டீக்குக் கொடுக்கும்போது பத்துப் பைசா குறைந்திருந்தால் கண்டக்டரைச் சந்தேகப்படாதே. அது உன் அம்மா முந்தானையில் இருக்கிறது. முடிச்சை மூன்றாக இறுக்கியிருக்கிறாள், நான் கேட்டால் தரமாட்டாளாம். நீ வந்துதான் அவிழ்க்க வேண்டும்.